நடுயாமத்து விழிப்பு விச்வாஸக் குறையாகுமோ?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். பகலெல்லாம் கடைத்தெருவும் பேருந்துகளுமாய் இரைச்சல் மிகுந்திருப்பினும், இரவு பத்து மணிக்குமேல் மலையின் அமைதியே ஊரின்மேல் கவிந்துவிடும். அங்கே ஒரு திருமாளிகையில் மாதந்தோறும் கூடும் சிறு கோஷ்டியில் அடியோங்களும் அந்வயித்து வருகிறோம். சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள் திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழி ஸேவித்துச் சாற்றுமுறையாயிற்று. தீர்த்த ப்ரஸாதம் ஸ்வீகரித்து எல்லோரும் எழுந்தருளிய பின்பும், எழுபது பிராயம் கடந்த ஸ்வாமி ஒருவர் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். சற்றுத் தயங்கி அவர் விண்ணப்பம் செய்தது இது:

“அடியேனுடைய தேவிகள் ஆசார்யன் திருவடி அடைந்து இரண்டு வருஷமாகிறது. அன்று தொடங்கி, ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு நாலரைவரை புரண்டு கிடக்கிறேன். காலக்ஷேபத்தில், ப்ரபந்நன் மார்பிலே கைவைத்து உறங்கலாம் என்று பெரியோர் சொல்லக் கேட்கும்போதெல்லாம் வெட்கமாயிருக்கிறது. பாரத்தை அவனிடம் வைத்தவனுக்கு உறக்கம் ஏன் கலையவேண்டும்? அடியேன் மெய்யாகவே சரணம் புக்கவன்தானோ?”

உறக்கம் கெட்டதைக் காட்டிலும் இந்த ஐயமே அவரை அதிகம் வருத்துகிறது என்பது விளங்கிற்று. இது அவர் ஒருவருடைய ஐயம் மட்டுமன்று. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, தனித்திருக்கும் பெற்றோரும், நோயுற்றவரைப் பேணுவோரும், காரணம் இன்னதென்று அறியாமலே நடுயாமத்தில் கண்விழிப்போரும் பலர். அவர்களில் ஆஸ்திகர்களாய் இருப்போர் உறக்கமின்மையோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். ஆகையால் பூர்வாசார்யர்களின் ஸ்ரீஸூக்திகளைத் துணைகொண்டு இந்தச் சங்கையைச் சிறிது ஆராய்வோம்.

முதலில், மார்பிலே கைவைத்து உறங்குதல் என்னும் வழக்கின் கருத்தைத் தெளியவேண்டும். மகளின் விவாஹத்தைத் தக்கவனிடம் ஒப்புவித்த தகப்பன் கவலையற்றிருப்பதுபோலே, தன்னைக் காக்கும் பொறுப்பு தன்னதன்று என்று தெளிந்தவனுடைய நிலையை அவ்வழக்குக் காட்டுகிறது. உபாயம் எம்பெருமானே; தன் பேற்றுக்குத் தான் செய்யவேண்டுவது இனி ஒன்றுமில்லை என்கிற இந்த நிர்ப்பரத்வம் ஆத்மாவின் நிலையைப் பற்றியது, கண்ணிமையைப் பற்றியதன்று. ப்ரபத்தி செய்தவனுக்கும் பசி எடுக்கிறது, முழங்கால் வலிக்கிறது, வெயிலில் நடந்தால் தாகம் உண்டாகிறது. இவற்றைக் கண்டு யாரும் விச்வாஸம் குறைந்ததென்று சொல்வதில்லை. ப்ராரப்தத்தால் வந்த தேஹம் இருக்குமளவும் அதன் தர்மங்களும் இருக்கும். உறக்கமும் அதன் கலைவும் அத்தேஹத்தின் தர்மங்களே. பசிக்குக் கொடுத்த இடத்தை உறக்கத்துக்கு நாம் கொடுக்காமற்போனது ஏன்? பசி வயிற்றில் தோன்றுகிறது. விழிப்போ மனத்தில் தோன்றுவதாக நினைக்கிறோம். மனமும் ப்ரக்ருதியின் பரிணாமமே என்பதை அந்த இருட்டில் மறந்துவிடுகிறோம்.

இனி, உறக்கம் கலைவது குறையாகில், அந்தக் குறை யாரிடம் முதலில் காணப்படுகிறது என்று பார்க்கவேண்டும். ஸ்ரீராமாயணத்து ஸுந்தர காண்டத்தில், அசோகவனத்தில் பிராட்டியைக் கண்ட திருவடி, பெருமாள் எழுந்தருளியிருக்கும் நிலையை விண்ணப்பம் செய்கிறார். பெருமாள் பெரும்பாலும் கண்துயில்வதேயில்லை. ஒருகால் கண்ணயர்ந்தாலும், ‘சீதை’ என்று இனிய குரலில் அழைத்துக்கொண்டே விழித்துவிடுகிறார் என்பது அவர் சொன்ன செய்தி. நடுவே கலையும் துயிலை இதைக் காட்டிலும் தெளிவாகச் சொல்ல இயலாது. உறங்கத் தொடங்கியதும் உண்டு; அது நீடிக்கவில்லை என்பதும் உண்டு; விழிக்கும்போது நாவில் இருந்தது பிரிந்தவளுடைய திருநாமம். ஸர்வேச்வரன் மநுஷ்யபாவத்தை மேற்கொண்டு காட்டிய நிலை இது. தன்னைவிட்டுப் பிரிந்த சேதநனைப் பற்றி அவனுடைய திருவுள்ளம் படும் பாடும் இதுவே என்று கொள்வது நம் ஸம்ப்ரதாயத்துக்குப் பொருந்தும். நாம் அவனை நினைந்து விழிப்பதற்கு முன்னமே, அவன் நம்மை நினைந்து விழித்திருக்கிறான். துணைவியைப் பிரிந்த ஒருவர் இரண்டு மணிக்கு விழித்தெழுவது பெருமாளே ஏற்றுக்காட்டிய நிலையாயிருக்க, அதனைத் தாழ்வென்று சொல்ல யாருக்கு வாய் எழும்?

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், உறக்கம் என்பதுதான் என்ன? ப்ரஹ்மஸூத்ரம் மூன்றாம் அத்யாயம் இரண்டாம் பாதத்தில், கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் ஜீவன் எங்கே இருக்கிறான் என்கிற விசாரம் வருகிறது. நாடிகளில் என்றும், புரீதத் என்னும் இதயத்து உறையில் என்றும், பரமாத்மாவிடத்தில் என்றும் ச்ருதி வெவ்வேறாகச் சொல்வது முரணோ என்று கேள்வி. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு வீட்டு வழக்கிலிருந்தே ஒரு த்ருஷ்டாந்தம் காட்டியருளுகிறார். ஒருவன் மாளிகையில் உறங்குகிறான் என்றாலும், கட்டிலில் உறங்குகிறான் என்றாலும், மெத்தையில் உறங்குகிறான் என்றாலும் முரணில்லை. நாடிகள் மாளிகைபோலே, புரீதத் கட்டில்போலே. ப்ரஹ்மமே நேராகச் சாயும் மெத்தை. அடுத்த ஸூத்ரம், ஆகையாலே விழிப்பும் அவனிடமிருந்தே என்று முடிக்கிறது.

சாந்தோக்யத்தில் வரும் உவமையும் இங்கே நினைக்கத்தக்கது. புதையல் இருக்கும் நிலத்தின்மேல் நாள்தோறும் நடந்தும் அதை அறியாதவர்களைப்போலே, ஜீவர்கள் நாள்தோறும் ப்ரஹ்மத்திடம் சென்றும் அதை அறிகிறதில்லை. இந்த அர்த்தத்தை ஒரு நள்ளிரவில் நினைத்துப் பார்க்கலாம். இரண்டு மணிக்குக் கண்திறந்தவன் அதற்கு ஒரு க்ஷணம் முன்பு எங்கே இருந்தான்? எவன் மடியில் இருந்தான்? அவனிடமிருந்தே இந்த விழிப்பும் வந்தது. உறக்கம் அவனோடு இருப்பது, விழிப்பு அவனைவிட்டு விழுவது என்று பிரிப்பது சாஸ்த்ரம் அறியாத பிரிவு. உறங்கும்போது நமக்கு அறிவில்லாமல் அவன் தாங்குகிறான். விழிக்கும்போது நம் அறிவோடு தாங்குகிறான். தாங்குவது என்னவோ இரண்டிலும் அவனே.

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டாகக் கூடும். உறக்கமின்மை இத்தனை உயர்ந்ததாகில் அதையே ஒரு தபஸ்ஸாக ஏற்றுக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணலாம். அது கூடாது. மிக உறங்குபவனுக்கும் யோகமில்லை, உறக்கத்தை மிக ஒழித்தவனுக்கும் யோகமில்லை என்று கீதையின் ஆறாம் அத்யாயத்தில் கண்ணன் இரண்டையும் ஒன்றாகவே விலக்கினான். உண்பதும் உறங்குவதும் விழிப்பதும் அளவோடிருக்கவேண்டும் என்பது அவன் திருவுள்ளம். ஏகாதசி ஜாகரம் சாஸ்த்ரம் விதித்த ஒரு நாளைய வ்ரதம். நாள்தோறும் வரும் உறக்கக்கேடு வ்ரதமன்று. அது தேஹத்தின் வருத்தம். கைங்கர்யத்துக்கு உபகரணமான தேஹத்தைப் பேணுவதும் கைங்கர்யத்தில் சேரும்.

ஆகவே லௌகிகமாய் அறிந்திருக்கவேண்டிய சிலவற்றையும் இங்கே சொல்லுகிறோம். உறக்கம் ஒரே நீட்டாய் அமைவதன்று. ஏறக்குறைய 90 நிமிஷங்கள் கொண்ட சுற்றுகளாய் அது வருகிறது. சுற்றின் முடிவில் சிறு விழிப்பு எல்லோருக்கும் இயல்பு. முதுமையில் ஆழ்ந்த உறக்கம் குறைவதால் அந்த விழிப்பு நன்றாகத் தெரிகிறது. ரோஜர் எகிர்ச் என்னும் வரலாற்றறிஞர், விளக்குகள் பெருகுவதற்கு முன்பு ஐரோப்பிய மக்கள் முதல் உறக்கம், இரண்டாம் உறக்கம் என இரு பகுதியாய் உறங்கினர் என்றும், இடையிலுள்ள பொழுதில் ப்ரார்த்தனையும் உரையாடலும் செய்தனர் என்றும் பழைய ஆவணங்களைக் கொண்டு 2005இல் வெளியான நூலில் எழுதினார். தாமஸ் வெர் என்னும் ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில், நாளொன்றுக்குப் பதினான்கு மணிநேர இருளில் சிலரை இருக்கச் செய்தபோது, அவர்களுடைய உறக்கமும் நாளடைவில் அவ்வாறே இரண்டாய்ப் பிரிந்தது. நடுவே விழிப்பதெல்லாம் நோயென்று அஞ்சவேண்டா என்பது இவற்றால் பெறும் ஆறுதல்.

அதே வேளையில், நோயை இயல்பென்று விட்டுவிடவும் கூடாது. குறட்டைக்கிடையே மூச்சு நின்று திணறி எழுவது, சிறுநீருக்காகப் பலமுறை எழுவது, நெஞ்செரிச்சல், மூச்சுமுட்டல், வாரக்கணக்கில் நீங்காத மனச்சோர்வு ஆகியவை மருத்துவரிடம் சொல்லவேண்டியவை. தூக்க மாத்திரையைத் தாமே தொடங்குவதும் தாமே நிறுத்துவதும் தீங்கு. முதியோர் இருட்டில் தடுமாறி விழ அதுவே காரணமாகலாம். பிற்பகலுக்குமேல் காபியைத் தவிர்க்கவேண்டும். விழித்தவுடன் கடிகாரத்தைப் பார்ப்பதும் கைபேசியைத் திறப்பதும் மனத்தை முழுதும் எழுப்பிவிடும். இருபது நிமிஷமளவில் உறக்கம் திரும்பாவிடில் படுக்கையில் போராடாமல் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியாய் அமர்ந்திருந்து, கண் சுழலும்போது மீண்டும் படுக்கலாம். படுக்கையை உறக்கத்துக்கே உரியதாக்கும் இம்முறையை ரிச்சர்ட் பூட்ஸின் என்னும் உளவியலறிஞர் 1972இல் வகுத்தார். மருத்துவர்கள் இன்றும் இதனைச் சொல்கிறார்கள்.

எழுவதிலும் ஒரு முறை உண்டு. திருப்பாவை ஆறாம் பாட்டில் முனிவரும் யோகிகளும் மெல்ல எழுவதைப் பற்றி வரும் இடத்தில் வ்யாக்யாதாக்கள் ஒரு ரஸம் காட்டியருளினார்கள். கர்ப்பவதி தன் வயிற்றைப் பேணிக்கொண்டு எழுவதுபோலே, ஹ்ருதயத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு அசைவு நேராதபடி அவர்கள் மெல்ல எழுகிறார்களாம். முதியவர் இரவில் சடக்கென்று எழுந்தால் தலைசுற்றும், சற்று அமர்ந்திருந்து பிறகு எழுக என்று மருத்துவர் சொல்கிறார். மருத்துவர் உடலுக்காகச் சொன்னதை, உள்ளே இருப்பவனுக்காகச் செய்யக் கற்பித்தார்கள் நம் பெரியோர். ஹரி ஹரி என்று மெல்லச் சொல்லியபடி எழுந்தால் இரண்டு பயனும் கிட்டும். அருகில் உறங்குபவர்களின் உறக்கமும் கெடாது.

இனி மீதமுள்ளது ஒரு கேள்வி. விழித்த அந்தப் பொழுதில் மனம் எங்கே போவது? நடுயாமத்தில் மனத்துக்கு ஒரு தீய வழக்கம் உண்டு. பகலில் கடுகளவாய் இருந்த கவலை இருட்டில் மலையளவாய் நிற்கும். ‘நான் மட்டுமே விழித்திருக்கிறேன், உலகமெல்லாம் உறங்குகிறது’ என்கிற தனிமையே அக்கவலையை வளர்க்கிறது. நம்மாழ்வாரும் இந்த நிலையை அறிந்தவரே. ஊரும் உலகும் உறங்கிக் கிடக்க, ஓரிரவே முடிவற்று நீள்வதாகத் தலைமகள் வாக்கால் அவர் புலம்பிய திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் நான்காவது. அதிலே ஆறுதல் சொல்வாரில்லை. அந்த வேதனையைச் சிறிதும் மறைக்காமல் ஆழ்வார் வெளியிட்டார் என்பதே, அதேபோல் வருந்துவோர்க்கு ஒரு துணை.

அன்று கோஷ்டியில் ஸேவித்த இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியில், அதே ஆழ்வார் அதே உறக்கமில்லா நிலையில் வேறொன்று செய்கிறார். கண்ணெதிரே நாரை நிற்கிறது. தாயும் தேவருலகும் உறங்கினாலும் நீ உறங்கவில்லையே என்று அதனிடம் இரங்குகிறார். பிறகு அன்றிலைக் கேட்கிறார். இரவும் பகலும் ஓயாத கடலைக் கேட்கிறார். அலையும் காற்றையும், நீரைச் சொரியும் மேகத்தையும், தேயும் மதியையும், இருளையும், கழியையும், எரியும் விளக்கையும் கேட்கிறார். நீங்களும் என்னைப்போலே அவனிடம் நெஞ்சைப் பறிகொடுத்தீர்களோ என்பதே எல்லாவற்றினிடமும் அவர் வைக்கும் கேள்வி. இவற்றையெல்லாம் தம்மோடொத்த துக்கமுடையவையாக ஆழ்வார் கண்டார் என்பது பூர்வர்கள் நிர்வாஹம். இங்கே துக்கம் தீர்ந்ததாகச் சொல்லப்படவில்லை. ஆயினும் தனிமை தீர்ந்தது. தம் நோவை மறந்து பிறர் நோவுக்கு இரங்கும் இடத்திலே இரவு வேறாகிவிடுகிறது.

ஆழ்வாருடைய இந்தப் பார்வையை ஒடுகத்தூரில் வைத்துப் பார்ப்போம். இரண்டு மணிக்கு இங்கே விழித்திருப்பவர் யார்? வியாழன் நள்ளிரவாகில், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு ஆடுகளை ஏற்றிக்கொண்டு வருபவர்கள் வழியில் இருப்பார்கள். எங்கோ ஒரு தாய் கைக்குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். ஆஸ்பத்திரியில் செவிலியர் ஒருவர் நோயாளியின் நாடியைப் பார்க்கிறார். இதே மலைத்தொடரில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் அருகே, வானம் தெளிந்த இரவுகளில், எம்பெருமானுடைய லீலாவிபூதியின் ஒரு மூலையை அளந்தபடி விழித்திருப்பாரும் உளர். அவர்களுக்கு இருட்டே வேண்டுவது. அதே நேரத்தில் சிங்கப்பூரில் மணி நாலரை. ப்ரஹ்ம முஹூர்த்தத்துக்கு எழுபவர்கள் எழப்போகிறார்கள். லண்டனில் இன்னும் முன்னிரவு. கலிபோர்னியாவில் முன்தினத்து நண்பகற்பொழுது. ஸ்ரீவைஷ்ணவர்கள் உலகெங்கும் பரவிய இக்காலத்தில், திருநாமம் ஒலிக்காத நாழிகை என்று ஒன்று ஏது?

விழிப்பு எதைக் காவல் காக்கிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. ச்ருங்கிபேரபுரத்தில் பெருமாளும் பிராட்டியும் தரையிலே கண்வளர, இளைய பெருமாள் காவலாய் நின்றார். ஸ்ரீகுஹப்பெருமாள் படுக்கை அமைத்து வேண்டியும், இவர்கள் தரையில் கிடக்க எனக்கு உறக்கம் எப்படி வரும் என்றார் அவர். தம்பியால் தீங்கு வருமோ என்று அஞ்சிக் குஹப்பெருமாள் விழித்திருந்தார். அவ்விருவராலும் தீங்கு வருமோ என்று அஞ்சி அவருடைய பரிகரம் விழித்திருந்தது என்று நம் பெரியோர்கள் ரஸோக்தியாக அருளிச்செய்வார்கள். அத்தனை பேர் உறக்கத்தையும் கெடுத்தது ப்ரேமம். பெரியாழ்வாரும் தம் திருமொழியின் ஐந்தாம் பத்து இரண்டாம் திருமொழியில், எம்பெருமானுடைய திவ்யாயுதங்களையும் பரிவாரங்களையும் உறங்காதீர், காவலாய் இருங்கள் என்று எச்சரிக்கிறார். அஞ்சும் இயல்பை ஆழ்வார் அழிக்கவில்லை. அதை மங்களாசாஸனமாக்கிக் கொண்டார்.

நமக்கும் இது கூடும். தொலைதேசத்திலுள்ள மகனைப் பற்றிய கவலை இரவில் வந்தால், என்ன ஆகுமோ என்று சுழலாமல், அவன் பெயரைச் சொல்லி அவனுக்கொரு பல்லாண்டு சொல்லலாம். பெயர் அறியாதவர்க்கும் சொல்லலாம். இப்படிச் செய்வது உறக்கத்தை வருவிக்கும் உபாயமாகவும் ஆகவேண்டா. உறக்கம் வந்தால் அவன் மடி. வராவிடில் அவனுடைய அடியார்களுக்குக் காவல். இரண்டில் எதையும் நாம் ஸாதிக்கவேண்டுவதில்லை என்பதே நிர்ப்பரனுடைய இரவு.

இவற்றில் சிலவற்றை அன்று திண்ணையில் அந்த ஸ்வாமியிடம் விண்ணப்பித்தோம். மருத்துவரைக் காணவும் வேண்டிக்கொண்டோம். மறுமாதம் வந்தவர், மருத்துவர் ரத்தக்கொதிப்பு மாத்திரையின் வேளையை மாற்றினார் என்றும், விழிப்பு முன்னிலும் சிறிது குறைந்ததென்றும், ஆனால் நிற்கவில்லையென்றும் சொன்னார். பிறகு தாமே சொன்னது இது:

“முன்பெல்லாம் விழித்தவுடன் தேவிகள் படுத்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதும் பார்க்கிறேன், அது போகாது ஸ்வாமி. முந்தாநாள் அடுத்த வீட்டுக் குழந்தை அழுதது. அதன் தாயும் விழித்திருக்கிறாள் என்று தோன்றிற்று. இருவருக்குமாகப் பல்லாண்டு அநுஸந்தித்தேன். ஏழாம் பாட்டா எட்டாம் பாட்டா நினைவில்லை. விடிந்தபிறகுதான் தெரிந்தது உறங்கிப்போனது.”

பெருமாளும் பிரிந்தவளைத் திருநாமம் சொல்லி அழைத்தபடியே விழித்தார் என்று அவருக்கு மீண்டும் நினைவூட்டினோம். அவர் பதில் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்றைக்கு எந்தத் திருவாய்மொழி?” என்று கேட்டார். கோஷ்டி தொடங்கியது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.